கொட்டை எழுத்தும் மூன்று சுழி ணவும்: எல்லையோரப் பெயர்ப்பலகை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு முன்னால் வரும் ஊர் கொழிஞ்சாம்பாறை. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். வீட்டுக்குள் தமிழ், ஆபீஸ் படியேறினால் மலையாளம், பஸ்ஸுக்குள் இரண்டும். இந்த ஊர்க் கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு நான் செய்துகொடுத்த பெயர்ப்பலகையைப் பற்றி எழுதுகிறேன். பலகை எழுதுவதும் வெட்டுவதும்தான் என் தொழில். தடித்த, முனை உருண்ட ஓர் எழுத்துருவை இரண்டு மொழிக்கும் சேர்த்துப் பயன்படுத்தியதில் எது கைகொடுத்தது, எது தப்பாகப் போனது, அதை எப்படித் திருத்தினேன் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக இரண்டு மொழிப் பலகை செய்பவர்களுக்கு, இது உதவும் என்று நம்புகிறேன்.

கடையின் பெயர் உரிமையாளருடைய அம்மாவின் பெயர். அதை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரில் ஒரு மூன்று சுழி ண இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பழைய பலகைகள்

அந்தக் கடைக்கு இது மூன்றாவது பலகை. முதல் பலகையை எழுதியவர் என் ஆசான். தகரத்தில் சிவப்பு எனாமல் பூசி, மேலே மஞ்சளில் எழுத்து. நான் அப்போது அவருக்குப் பெயின்ட் டப்பா தூக்கிக்கொண்டிருந்த பையன். அவர் வேலை செய்யும் முறை இன்றும் கண்ணில் நிற்கிறது. நூல் பிடித்துக் கோடு போட்டதும் சாக்பீஸை எடுத்து, முதலில் சுழிகளின் உள்வட்டத்தை மட்டும் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். பலகையில் எழுத்தே இருக்காது; சின்னச் சின்ன வட்டங்களும் முட்டைகளும்தான் இருக்கும். அப்புறம்தான் அவற்றைச் சுற்றி வெளிக்கோடு வரும். வட்டத் தூரிகையை அழுத்தி இழுத்துத் தூக்கும்போது கோட்டின் முனை தானாகவே உருண்டு நிற்கும்.

'விலை' என்று எழுதினால் லகரத்தோடு சேர்ந்தே வளையும் பழைய ஐகாரக் குறியான தும்பிக்கையைப் போட்டுத்தான் எழுதுவார். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து தும்பிக்கை போன பிறகும் அவர் கை மாறவில்லை. மலையாளத்தில் அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1971இல், உகரக் குறிகளை எழுத்திலிருந்து பிரித்துத் தனியாக வைக்கும் புதிய லிபி வந்துவிட்டது. அதிலும் அவர் பழைய முறையில் சேர்த்தே எழுதினார். யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டாவது பலகை ஃபிளெக்ஸ். வெளியூர் அச்சகம் ஒன்று அடித்துக்கொடுத்தது. தமிழுக்கு ஒரு தடித்த எழுத்து, மலையாளத்துக்கு வேறெங்கிருந்தோ ஒரு மெல்லிய எழுத்து. மலையாளம் இடத்தை நிரப்பவில்லை என்று அதைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டியிருந்தார்கள். எழுத்தை அப்படி இழுத்தால் நிற்கும் கோடுகள் பருக்கும், படுத்த கோடுகள் பழைய கனத்திலேயே நிற்கும், வட்டம் முட்டையாகிவிடும். கடைக்கு வழக்கமாக வரும் மலையாள ஆசிரியை ஒருவர், "எங்க எழுத்து மட்டும் ஏன் நசுங்கின மாதிரி இருக்கு?" என்று உரிமையாளரிடம் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அவருக்குள் தைத்துவிட்டது. எல்லையில் கடை வைத்திருப்பவருக்கு இது எழுத்தழகு பற்றிய பேச்சோடு முடிவதில்லை. பலகையில் ஒரு மொழி ஒட்டுப்போட்டது போல நின்றால், அந்த மொழிக்காரர் தன்னையே ஓரமாக நிறுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

2019இல் கேரள அரசு பி.வி.சி. ஃபிளெக்ஸுக்குத் தடை போட்டது. அதோடு அந்தப் பலகையும் வெளுத்துப்போயிருந்தது. அடுத்தது ஏ.சி.பி. என்ற அலுமினியப் பலகைத் தகட்டில், உள்ளே விளக்கு வைத்து, நிலையாகச் செய்துவிடலாம் என்று முடிவானது.

கேட்டது என்ன

"தம்பி, ரெண்டு பாஷையும் ஒரே ஆள் எழுதுன மாதிரி இருக்கோணும். நல்ல கொட்டை எழுத்தா, பாத்தா பன்னு மாதிரி மெத்துன்னு இருக்கோணும்" என்றார் உரிமையாளர்.

"செஞ்சரலாங்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா வேறொன்று சொன்னார். அவருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். "எதுத்தாப்பல மருந்துக்கடை வாசல்ல நின்னு நான் படிக்கற மாதிரி எழுது கண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த மிகச் சரியான அளவுகோல் அதுதான்.

எழுத்துருவைத் தேர்ந்தது

எங்கள் தொழிலில் எழுத்துருக்கள் பென்டிரைவில் கைமாறி வரும். தமிழுக்கு பாமினி வகை, ஸ்ரீலிபி வகை. மலையாளத்துக்கு கார்த்திகா, ரேவதி வகையறா. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறந்தவை. தமிழில் ஒரு தடித்த எழுத்துக்கு இணையாக மலையாளத்தில் அதே கனம், அதே சுபாவம் உள்ள எழுத்தைத் தேடினால் கிடைக்காது. கிட்டத்தட்ட ஒன்றைப் பிடித்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் பாலூ கைகொடுத்தது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் குழு 2016இல் வெளியிட்ட எழுத்துருக் குடும்பம் அது. பாலூ என்றால் கரடி. பெயருக்கேற்ற உடம்பு: தடித்த கோடு, உருண்ட முனை, கூர்மையில்லாத மூலை, மெல்லியது தடித்தது என்ற வேறுபாடு குறைவான சீரான கனம். ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்குத் தனித்தனிக் கோப்பாக வந்தது. தேவநாகரிக்கு வெறும் பாலூ; மற்ற ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மொழியில் சகோதரனைக் கூப்பிடும் சொல்லையே பெயரோடு சேர்த்து வைத்தார்கள். தமிழுக்கு பாலூ தம்பி, மலையாளத்துக்கு பாலூ சேட்டன், தெலுங்குக்கு பாலூ தம்முடு. தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். எல்லாக் கோப்பிலும் ஆங்கில எழுத்தும் அதே கனத்தில் உண்டு. திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. கடைப் பலகைக்கும் விளம்பரத்துக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம், எழுத்துருவைத் தனிச் சரக்காக விற்க மட்டும் கூடாது.

தம்பியும் சேட்டனும் ஒரே பலகையில் நிற்கப்போகிறார்கள் என்று சொன்னதும் உரிமையாளர் முகம் மலர்ந்துவிட்டது. பெயர் பொருந்தியதற்காக நான் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே குழு ஒரே மனசோடு இரண்டு எழுத்துமுறையையும் வரைந்திருக்கிறது, அதனால் கோட்டின் கனமும் முனையின் உருட்சியும் ஒத்துப்போகும்; அதற்காக எடுத்தேன். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் தமிழும் தெலுங்கும் சேர்த்துப் பலகை செய்பவர்களுக்கும் இதே காரணத்துக்காகத் தம்பியோடு தம்முடுவைப் பரிந்துரைப்பேன்.

மூலை உள்ள எழுத்து, மூலை இல்லாத எழுத்து

வேலையில் இறங்கியதும் முதலில் கவனித்தது இதுதான். உருட்டுவது மலையாளத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. தமிழை மாற்றிவிடுகிறது.

மலையாளம் ஏற்கெனவே உருண்டை. அதன் இரண்டாவது டகரம் வெறும் வட்டம். ரகரம் ஒரு வளைவு. அச்சில் அது எப்போதும் அப்படியே இருந்ததும் இல்லை. தொடக்க கால மலையாள அச்செழுத்துகள் சதுர வடிவில் இருந்தன. 1820களில் கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லிதான் உருண்டை வடிவில் அச்சு வார்த்தார். இன்றைய மலையாளி கண்ணுக்கு உருண்டைதான் இயல்பு. தமிழில் அப்படி இல்லை. ப, ம, ட, ய, ர எல்லாம் நேர்கோடும் மூலையும் கொண்டவை. பகரத்தின் அடி மூலை இரண்டையும் ரொம்ப உருட்டினால் அது தொட்டியாகிவிடும். டகரத்தின் மூலையை உருட்டினால் கொக்கியாகிவிடும். மூலையை அப்படியே விட்டால் பக்கத்தில் நிற்கும் மலையாளத்தோடு ஒட்டாது. ஒரு காலத்தில் இந்தப் பிரதேசம் முழுக்க வட்டெழுத்தில் எழுதியது. கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849ஆம் ஆண்டு, அந்த எழுத்தில்தான் இருக்கிறது. அந்த வட்டம் இப்போது நம் தமிழ்க் கையில் இல்லை. ஆகவே பகரத்துக்கு எவ்வளவு உருட்சி தாங்கும் என்பதை இன்றைய கண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலூ தம்பியில் கோட்டின் முனை நன்றாக உருண்டிருக்கிறது, மூலைகள் மென்மையாக மட்டும் இருக்கின்றன. மூலை மூலையாகவே தெரிகிறது, ஆனால் குத்தவில்லை. பேக்கரி என்ற சொல்லை இரண்டு மொழியிலும் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது, இரண்டும் ஒரே மாவில் பிசைந்தது போல இருந்தன. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்த ஒரே சொல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் இரட்டைக் கொம்பு, ப, புள்ளி வைத்த க, அப்புறம் க, கடைசியில் ரி. மலையாளத்தில் இரண்டு ககரமும் ஒன்றோடொன்று பின்னி ஒரே எழுத்தாக நிற்கும். ஆகத் தமிழ்ச் சொல் நீளம், மலையாளச் சொல் அடர்த்தி. பழைய ஃபிளெக்ஸில் மலையாளத்தை இழுத்தது இதனால்தான். நான் இழுக்கவில்லை. பலகை 16 அடிக்கு 4 அடி, எட்டடித் தகடு இரண்டைச் சேர்த்தது. இடது தகடு தமிழுக்கு, வலது தகடு மலையாளத்துக்கு, இணைப்புக் கோடு நடுவில். மலையாளத்தில் எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டேன். தடித்த எழுத்துக்கு அந்த மூச்சு தேவையும்கூட. உயரத்தைக் கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணை நம்பி வைக்கவில்லை. இரண்டு கோப்பிலும் ஒரே எண் போட்டால் ஒரே உயரம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தாளில் அடித்து, தமிழ் மகரத்தின் உடம்பையும் மலையாள ந என்ற எழுத்தின் உடம்பையும் ஸ்கேல் வைத்து அளந்து சமப்படுத்தினேன்.

இன்னொன்று. எந்தத் தடித்த எழுத்து கைக்கு வந்தாலும் நான் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் 'காரம்'. அதில் ஒரு காலும் ஒரு ரகரமும் அடுத்தடுத்து வரும். ரகரத்தின் வால் கோட்டின் கனத்தில் அமுங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இனிப்பு, காரம் என்று கண்ணாடிக் கதவில் ஒட்டாத பேக்கரி எங்கள் பக்கம் இல்லை. அதனால் இந்தச் சோதனையை நான் விட்டதே இல்லை.

கம்ப்யூட்டர் வேலையில் ஒரே ஓர் இடத்தில்தான் நேரம் போனது. என்னிடம் இருந்தது கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பு. ஒருங்குறித் (யூனிகோட்) தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், மலையாளக் கூட்டெழுத்து பிரிந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோடாக மாற்றி, அப்புறம் கோரலுக்குக் கொண்டுவந்தேன். சரியாக வந்தது.

பட்டறையில்

தடித்த உருண்டை எழுத்து பலகைக்கு ஏன் ஏற்றது என்பது பட்டறையில்தான் முழுசாகப் புரியும். பெயர் எழுத்துகள் 14 அங்குல உயரம். எழுத்து ஒவ்வொன்றும் பெட்டிபோல, முகத்தில் அக்ரிலிக், பக்கத்தில் வளைத்த பட்டி, உள்ளே எல்.இ.டி. கோடு மெலிதாக இருந்தால் விளக்குத் துண்டு உள்ளே உட்காராது. உட்கார்ந்தாலும் ஒளி கோடு கோடாகத் தெரியும். பாலூவின் கோட்டில் தாராளமாக உட்கார்ந்தது. பக்கப் பட்டியை வளைப்பவர் பாலக்காட்டுக்காரர், நாங்கள் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். கூர்மூலை உள்ள எழுத்து என்றால் ஒவ்வொரு மூலையிலும் பட்டியைக் கீறி மடிக்க வேண்டும். அந்த மடிப்பில்தான் பின்னால் மழைத்தண்ணீர் இறங்கும். உருண்டை என்றால் பட்டி கையோடு வளைந்து போகும். வெட்டும் இயந்திரத்தின் பிட், அதாவது சுழன்று வெட்டும் முனை, அதுவும் உருண்டைதான். உள்மூலையில் எப்படியும் சின்ன வளைவை விட்டுவிடும். எழுத்தே உருண்டையாக இருந்தால் வரைந்ததற்கும் வெட்டியதற்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது வரியில் 'வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பன்'. இது 6 அங்குல எழுத்து. தகட்டிலேயே எழுத்தை வெட்டி எடுத்து, பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக் வைத்து, அதற்குப் பின்னால் விளக்கு. இப்படி வெட்டும்போது சுழிக்குள் இருக்கும் துண்டு தனியாகக் கழன்று விழும். வெண்ணெய் என்ற சொல்லை வெட்டி முடித்தபோது மேசையில் சட்டைப் பொத்தான் மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து அக்ரிலிக் மேல் அதனதன் இடத்தில் ஒட்டினேன். ஆசான் சாக்பீஸில் முதலில் போட்ட வட்டங்கள் என் கையில் கடைசியாக வந்து சேர்ந்தன. அவற்றின் அகலம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

விளக்கு போட்ட இரவு

பகலில் பலகை அருமையாக இருந்தது. பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: எழுத்தின் ஒவ்வொரு அங்குல உயரத்துக்கும் பத்தடி தூரம். 14 அங்குலப் பெயர் 140 அடியில் தெளிவாகத் தெரிய வேண்டும், தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற பிள்ளைகள் இரண்டு மொழியிலும் சத்தமாகப் படித்தார்கள். அந்த ஆசிரியை உள்ளே வந்து ஒன்றும் சொல்லாமல் தேங்காய் பன் வாங்கிப் போனார். உரிமையாளருக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு விளக்கைப் போட்டோம். பெரியம்மா கல்லாவை விட்டு எழுந்து, சாலையைக் கடந்து, மருந்துக்கடை வாசலில் போய் நின்றார். கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏங் கண்ணு, வெண்ணெய்ல ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சே. ரெண்டு சுழியா மூணு சுழியா, ஒண்ணும் தெரியலையே."

நான் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. ண என்ற எழுத்து ஒரு வெள்ளைக் கட்டியாக நின்றது. 'பன்' எழுத்தில் இரண்டு சுழி ன. அதுவும் கிட்டத்தட்ட அதே கட்டி. மலையாளப் பக்கமும் போய்ப் பார்த்தேன். அங்கே ணகரமும் இதே வளைவுகளின் உடன்பிறப்புதான், அதுவும் அடைத்திருந்தது.

காரணம் இதுதான். இருட்டில் ஒளிரும் வெள்ளை கண்ணுக்குத் தன் எல்லையைத் தாண்டிப் பரவும். கோடு உண்மையில் இருப்பதைவிடத் தடிப்பாகத் தெரியும், உள்ளே இருக்கும் கருப்பு சுருங்கும். கண்ணில் புரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்தப் பரவல் இன்னும் அதிகம். பகலில் சரியாக இருக்கும் தடிப்பு, இரவில் உள்ளிருந்து ஒளிரும்போது ஒரு படி கூடிவிடுகிறது. சுழி நிறைந்த தமிழுக்கு இந்த ஒரு படி பெரிய விஷயம். இரண்டு சுழி, மூன்று சுழி என்று நாம் எழுத்தை அடையாளம் சொல்வதே சுழியை வைத்துத்தான். அந்த இடம் அடைந்தால் எழுத்தின் பெயரே போய்விடுகிறது.

இது என் தவறு. எழுத்துரு வடிவமைத்தவர்கள் மேல் ஒன்றும் இல்லை. முதலில் வந்த பாலூ ஒரே ஒரு தடிப்பில், பெரிய தலைப்புகளுக்கென்று செய்யப்பட்டது. நான் அதை 6 அங்குலத்துக்கு இறக்கி, உள்ளே விளக்கும் வைத்தேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது அந்த முதல் கோப்புதான். பாலூ 2 என்று பிற்பாடு வந்ததில் 400 முதல் 800 வரை ஐந்து தடிப்புகள் இருக்கின்றன என்பதை நான் போய்ப் பார்த்திருக்கவே இல்லை.

திருத்தம்

அன்றிரவே பாலூ தம்பி 2, பாலூ சேட்டன் 2 இரண்டையும் இறக்கினேன். இரண்டாவது வரியை 800, 700, 600 என்று மூன்று தடிப்பில், கருப்புத் தாளில் ஓட்டை போட்டு, பின்னால் டியூப்லைட் வைத்து, பட்டறைக்கு வெளியே தெருமுனையிலிருந்து பார்த்தேன். 700இல் ண பாதி திறந்தது. 600இல் முழுசாகத் திறந்தது. அப்போதும் எழுத்து பகலில் ஒல்லியாகத் தெரியவில்லை. மேலே இருக்கும் பெயருக்கு 14 அங்குலம் இருந்ததால் அதைத் தொடவில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரவில் பார்க்கும்போது மேல் வரியின் பழைய தடிப்பும் கீழ் வரியின் 600உம் ஒரே கனமாகத் தெரிந்தன. கோப்பில் வேறு வேறு, கண்ணில் ஒன்று. உருவத்தைச் சின்னதாக்கும்போது கனத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசான் வாயால் சொன்னதில்லை, ஆனால் அவர் சின்ன எழுத்துக்குத் தூரிகையை மாற்றுவார்.

இரண்டாவது வரிப் பட்டியைக் கழற்றி, புதுத் தகட்டில் 600இல் வெட்டினோம். சுழித் துண்டுகள் இப்போது அரை அங்குலத்துக்குக் கிட்டே வந்தன. விளக்கின் எண்ணிக்கையையும் குறைத்து, வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் கலந்த ஒளி வைத்தோம். செலவு என்னுடையது, அது நியாயமும்கூட. மறுநாள் இரவு பெரியம்மா மருந்துக்கடை வாசலில் நின்று, "வெ, ண், ணெ, ய்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் படித்துவிட்டு, "இப்ப செரி சாமி" என்றார்.

ஆடி மாசத்தில் இன்னொரு பாடம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் புள்ளி ஒவ்வொன்றும் தனித் துண்டு. அதை ஒரே ஆணியில் நிறுத்தியிருந்தேன். பேக்கரியின் புள்ளி சுழன்று சுழன்று தளர்ந்து ஒரு ராத்திரி விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு ஆணி.

எங்கே போடலாம், எங்கே கூடாது

அந்தப் பலகைக்குப் பிறகு இதே எழுத்தைக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். ஜூஸ் கடை, பொம்மைக் கடை, அங்கன்வாடிச் சுவர், டியூஷன் சென்டர். எல்லாவற்றுக்கும் போட்டேன், எல்லாவற்றுக்கும் பொருந்தியது. இரண்டு மூன்று சொல், பெரிய அளவு, சந்தோஷமான இடம் என்றால் இந்த எழுத்துக்கு நிகர் கிடையாது. குழந்தைகள் சுவரில் விரல் வைத்து வரைவதற்குக்கூட இதன் முனை வசதி.

விலைப்பட்டியலுக்கு இதைக் கேட்டால் மறுத்துவிடுவேன். முப்பது நாற்பது வரி, ஒவ்வொன்றிலும் எண் வேண்டும். அங்கே தமிழுக்கு ஏக் டைப்பின் முக்தா மலரும், மலையாளத்துக்கு சந்தோஷ் தோட்டிங்ஙல் வடிவமைத்து 2016இல் வந்த மஞ்சரியும் போடுகிறேன். மஞ்சரியின் கோட்டு முனையும் உருண்டைதான், ஆனால் உடம்பு மெலிது. மேலே இருக்கும் பாலூ சேட்டனோடு சண்டை போடாமல் நிற்கிறது. வக்கீல் ஆபீஸ், ஆஸ்பத்திரி அறிவிப்பு, ஏல அறிவிப்பு இவற்றுக்கும் இந்த எழுத்து வேண்டாம் என்று சொல்லி வேறு போட்டுக்கொடுப்பேன். படிப்பவர் கவலையோடு வரும் இடத்தில் எழுத்து அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

கண்ணீர் அஞ்சலிப் பலகைகளுக்கும் அப்படித்தான். ஒரு முறை ஒருவர் ரொம்பக் கேட்டும் நான் போட்டதில்லை.

போன வருஷம் அந்தப் பெரியம்மா தவறிவிட்டார். உரிமையாளர் பட்டறைக்கு வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "அம்மா பேரு அந்த எழுத்துலயே இருக்கட்டும் தம்பி. அவங்களுக்கு அதுதான் பழக்கம்" என்றார்.

என்னால் மறுக்க முடியவில்லை. தடித்ததைப் போடவும் மனசு வரவில்லை. மற்ற வரிகளையெல்லாம் முக்தா மலரில் வைத்துவிட்டு, பெயரை மட்டும் பாலூ தம்பி 2இன் 400இல், எழுத்துகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு, கருப்பு மையில் வெள்ளைத் துணியில் அடித்தேன். கீழே மலையாளத்தில் அதே பெயர், சேட்டனின் 400இல். காயட்டும் என்று பட்டறை வாசலில் கட்டி வைத்திருந்தபோது சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். ணவின் மூன்று சுழியும் திறந்திருந்தன.